கடல் காற்றில் பேட்டரி ஏற்றும் காற்றாலை: பாலவாக்கம் மொட்டை மாடியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை பாலவாக்கத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், என் அத்தை வீட்டு மொட்டை மாடியில் 1.8 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை ஒன்று நிற்கிறது. மூன்று மர இறகுகள், கையால் சுற்றிய செம்புச் சுருள்கள், பழைய காரின் சக்கர ஹப், ஜிஐ குழாயில் ஒரு கம்பம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்றில் அது சார்ஜ் ஏற்றுகிறது. நல்ல கடல் காற்று வீசும் நாளில் 18 முதல் 20 ஆம்பியர்-மணி வரை உள்ளே போகிறது. 28 வாட் பிஎல்டிசி மின்விசிறி ஒன்று இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட அது போதும்.

கட்டிய முதல் வாரத்தில் இதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. இறகையோ சுருளையோ மாற்றாமல், காந்த இடைவெளியிலும் கம்பத்திலும் செய்த இரண்டே இரண்டு திருத்தங்களால் இந்த அளவை எட்டினோம். அந்த இரண்டையும் விரிவாகப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன். சென்னையில் எந்தக் காற்றுக்காகக் காற்றாலை கட்டுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லாக் காற்றையும் பிடிக்க நினைத்தால் எதையும் உருப்படியாகப் பிடிக்க முடியாது. பிற்பகல் கடல் காற்று ஒன்றைக் குறிவைக்க வேண்டும். அதற்குக் கீழுள்ள மென்காற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். புயல் வருமுன் இயந்திரத்தை இறக்கிவிட வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்தபின் நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வானம் மூடியிருந்ததால் மாடியில் இருந்த சூரியத் தகடு பெயரளவுக்குத்தான் வேலை செய்தது. ஆனால் காற்று இருந்தது. இன்வெர்ட்டர் பழுது பார்ப்பதே என் தொழில். இறங்கிவிட்ட பேட்டரிகளை அந்த நாள்களில் வீடு வீடாகப் பார்த்தேன். சூரியன் இல்லாத நாளில் கொஞ்சமாவது உள்ளே போக வேறொரு வழி வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிடித்துக்கொண்டது.

காற்றில் என்ன இருக்கிறது

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும். 1.8 மீட்டர் விட்டம் துடைக்கும் பரப்பு சுமார் 2.54 சதுர மீட்டர். சென்னையின் சூடான காற்றில் கணக்கிட்டால், நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அந்தப் பரப்பைக் கடக்கும் ஆற்றல் 40 வாட். 4 மீட்டரில் 94, 5 மீட்டரில் 184, 6 மீட்டரில் 318, 8 மீட்டரில் 750 வாட்டுக்குச் சற்று மேல். இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இயந்திரத்தாலும் எடுக்க முடியாது என்பது ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் வகுத்த எல்லை. வீட்டில் கட்டும் சிறு இயந்திரம், கம்பியிலும் டயோடிலும் போகும் இழப்பையெல்லாம் கழித்த பிறகு, நான்கில் ஒரு பங்கைப் பேட்டரி முனையில் தந்தால் அது நல்ல இயந்திரம்.

தமிழ்நாட்டின் காற்றாலை வளம் என்றதும் எல்லோருக்கும் முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும் நினைவுக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு பாய்வதால் கிடைக்கும் வளம் அது. தேசிய காற்றாற்றல் நிறுவனம் பள்ளிக்கரணையில் இருந்தாலும், அதன் சோதனை நிலையம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறில் இருக்கிறது. காரணம் வெளிப்படை: காற்று அங்கேதான் இருக்கிறது.

சென்னைக்கு உள்ளது கடல் காற்று. கோடையில் நிலம் சூடேறி, முற்பகல் முடிவிலோ பிற்பகலிலோ கிழக்கிலிருந்து அது உள்ளே நுழைகிறது. மேற்கிலிருந்து வரும் சூடான காற்று வலுவாக இருக்கும் நாள்களில் கடல் காற்று தாமதமாகும். வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அந்த நாள்களில்தான். நுழைந்துவிட்டால் மாலை வரை சீராக வீசும். பிறகு தெற்கு நோக்கித் திரும்பி, இரவில் ஓய்ந்துவிடும். மாடியில் மூங்கில் கழியில், காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ண அனிமோமீட்டர் கட்டி, கட்டுமானம் தொடங்குமுன்பே கோடை முழுவதும் பதிவு செய்தோம். நாள் முழுவதற்குமான சராசரி நொடிக்கு 3 மீட்டரை ஒட்டியே இருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் இந்த முயற்சியையே கைவிட்டிருக்க வேண்டும். ஆனால் பிற்பகல் ஒன்றரை முதல் மாலை ஏழு வரை உள்ள நேரத்தைத் தனியாகப் பிரித்தால் 4 முதல் 6 மீட்டர் வரை இருந்தது. மும்மடிக் கணக்கில் அன்றைய ஆற்றல் முழுவதும் ஏறக்குறைய அந்த ஐந்தாறு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. சராசரி மறைத்துவிட்டதை மணிவாரிப் பதிவு காட்டியது.

மின்னாக்கி

கார் ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டால் போதாதா என்று பலர் கேட்டார்கள். போதாது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் அது பேட்டரிக்கு மின்சாரம் தரத் தொடங்கும்; நம் இறகோ கடல் காற்றில் நிமிடத்துக்கு 250, 300 சுற்றுதான் சுற்றும். பல்சக்கரம் வைத்து வேகத்தைக் கூட்டினால் உராய்வு தின்றுவிடும். அது போக, ஆல்டர்னேட்டரின் காந்தப்புலச் சுருளுக்கே முப்பது நாற்பது வாட் வேண்டும். நொடிக்கு 4 மீட்டர் காற்றில் நாம் எடுப்பதே அதற்கும் குறைவு.

எனவே ஸ்காட்லாந்தின் ஸ்கோரைக்கில் வாழ்ந்து, பல பத்தாண்டுகளாகக் காற்றாலை கட்டக் கற்பித்துவரும் ஹியூ பிகட் உலகெங்கும் பரப்பிய அமைப்பையே எடுத்துக்கொண்டோம். இரண்டு இரும்புத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் எட்டு நியோடிமியம் காந்தங்கள். நடுவில் ஆறு செம்புச் சுருள்களைப் பிசினில் வார்த்த, சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டர். சுருள்களுக்குள் இரும்பே இல்லாததால் காந்தம் இழுத்துப் பிடிக்காது. மெல்லிய காற்றிலும் இறகு சுழலத் தொடங்கிவிடும். பேட்டரியில் சார்ஜ் ஏற்றுவதற்காகக் காற்றாலை கட்டுவதற்கு ஸ்காட்லாந்தில் பழைய வரலாறு உண்டு என்பதும் நினைவுகொள்ளத் தக்கது. 1887இல் ஜேம்ஸ் பிளைத் தம் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாலையை நிறுத்தி, சேமக்கலங்களில் மின்சாரம் ஏற்றி வீட்டுக்கு விளக்கேற்றினார்.

ஹப்பும் பேரிங்கும் புதுப்பேட்டையில் கிடைத்தன; மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டயோடு பிரிட்ஜ், அதன் சூட்டைத் தணிக்கும் வெப்பத் தகடு, மீட்டர்கள் ரிச்சி தெருவில். தட்டுகளைக் கிண்டித் தொழிற்பேட்டையின் லேத் பட்டறை ஒன்றில் கடைந்து துளையிட்டுத் தந்தார்கள். சுருளுக்கு 17 கேஜ் எனாமல் கம்பி இரட்டை இழையாக, சுருளுக்கு 55 சுற்று. ஆறு சுருளுக்கும் சேர்த்து இரண்டரைக் கிலோ செம்பு போனது. மோட்டார் ரீவைண்டிங் கடையிலிருந்து ஒருவரை அழைத்துவந்தேன். அவர் கை ஓடிய விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்: கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இடது கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, ஒவ்வோர் அடுக்கையும் நகத்தால் நெருக்கி, முடிந்ததும் நான்கு இடத்தில் பருத்தி நாடா கட்டி எடுத்துக் கொடுத்தார். சுருள் ஒரு மில்லிமீட்டர் தடித்தாலும் காந்தத் தட்டுகளுக்கு நடுவே நுழையாது.

பிசின் வார்க்கும் வேலையை மாமாவிடம் ஒப்படைத்தேன். அவர் ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பவர். கண்ணாடி இழை மேட்டும் பாலியெஸ்டர் ரெசினும் அவருக்குப் பழகியவை. அச்சுக்குள் சுருள்களை அடுக்கி, அடியிலும் மேலும் மேட் விரித்து, ரெசினில் டால்க் பவுடர் கலந்து ஊற்றினார். அதிக வெப்பம் கிளம்பாமல் பிசின் இறுக டால்க் உதவுகிறது.

“மாமா, ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றினால் மாலைக்குள் கழற்றிவிடலாமே?”

“இந்த வெயிலிலா? டப்பாவுக்குள்ளேயே கட்டியாகிவிடும் தம்பி. நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் விடமாட்டேன்.”

இன்னொன்றையும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், நானும் சொல்கிறேன்: பிசினை இறுகச் செய்யும் ஹார்ட்னரையும் அதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது. வெடித்துவிடும். ஒன்றை ரெசினில் முழுமையாகக் கலந்த பிறகே மற்றொன்றைச் சேர்க்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

காந்தங்களிலும் அதே எச்சரிக்கை வேண்டும். இந்த அளவுக் காந்தங்கள் இரண்டு ஒன்றையொன்று கண்டுவிட்டால் இடையில் விரல் இருப்பதைப் பார்க்காது. இரண்டாவது தட்டைக் கையால் வைக்க முயலக் கூடாது. மூன்று நீளத் திருகாணிகளைப் பொருத்தி, அவற்றைச் சமமாகத் திருகி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறக்க வேண்டும். கழற்றுவதற்கும் அதே திருகாணிகள்தான். அவற்றைத் தட்டிலேயே நிரந்தரமாக விட்டுவைத்தோம். அது பின்னால் பெரிய உதவியாக அமைந்தது.

பொருத்தியதும் கையால் ஒரு சோதனை. நொடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் சுழற்றினால், ஸ்டேட்டரிலிருந்து வெளிவரும் மூன்று கம்பிகளில் எந்த இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் 3 வோல்ட் ஏசி. மூன்று இணைகளிலும் ஒரே எண் வந்தது; சுருள்கள் சரியாக இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு அதுவே சான்று. பிறகு இரண்டு கம்பிகளை மட்டும் சேர்த்து முறுக்கிச் சுழற்றினால் தட்டு விட்டுவிட்டுத் தடுக்கும். மூன்றையும் சேர்த்தால் தடுப்பு சீராக, கெட்டியாக, தேனில் கரண்டியைச் சுற்றுவது போலக் கையில் தெரியும். ஏதாவது ஒரு சுருள் தலைகீழாக இணைந்திருந்தால் இந்தச் சீர்மை வராது. மீட்டர் இல்லாதவர்களும் செய்துவிடக்கூடிய சோதனை இது.

இறகு

பிவிசி குழாயைப் பிளந்து இறகு செய்வது எளிது. கற்றுக்கொள்ள அது நல்ல வழிதான். ஆனால் சென்னை வெயிலில் மொட்டை மாடியில் நாள் முழுவதும் கிடக்கும் பிவிசி இளகி வளைந்து கொடுக்கும். வேகத்தில் நுனி படபடத்துக் கம்பத்தில் மோத வாய்ப்பு உண்டு. எனவே மரம். முடிச்சு இல்லாத, ரேகை நேராக ஓடும் தேக்குப் பலகையாகப் பார்த்து எடுத்தோம். வேருக்கருகே அகலமாகவும் சாய்வு அதிகமாகவும், நுனியில் ஒடுங்கி ஐந்து டிகிரிச் சாய்வுக்கு இறங்குமாறும் இழைப்புளியால் செதுக்கி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் பூசினோம். முன்விளிம்புக்கு நல்ல டேப் ஒட்டியது மழைத்துளி அரிப்புக்காக. எங்கள் பகுதியில் பட்டம் விடும் காலத்தில் நூல் சிக்கும் கவலையும் உண்டு. அந்த நாள்களில் இறகைப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு.

மூன்று இறகுகளும் ஒரே எடையில் இருப்பது போதாது. எடை ஒரே இடத்தில் அமைந்திருக்கவும் வேண்டும். கூர்முனை ஒன்றின்மேல் முழுச் சக்கரத்தையும் கிடத்தி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் ஈயத் துண்டு திருகிச் சமன் செய்தோம். இதில் அலட்சியம் காட்டினால் அதிர்வு கம்பம் வழியாகக் கட்டடத்துக்குள் இறங்கிவிடும்.

முதல் ஓட்டமும் காந்த இடைவெளியும்

காந்தத் தட்டுகளுக்கு இடையிலான தூரத்தை வேண்டுமென்றே மிக நெருக்கமாக, 14 மில்லிமீட்டரில் வைத்துத் தொடங்கினோம். நெருக்கினால் காந்தப்புலம் வலுவாகும், குறைந்த சுற்றிலேயே மின்னழுத்தம் எழும். நிமிடத்துக்கு 200 சுற்றில் பேட்டரிக்கு மின்சாரம் போகத் தொடங்கியது. நொடிக்கு 2.7 மீட்டர் காற்று போதுமானதாக இருந்தது. காலையில் தென்னங்கீற்று அசையும்போதே அம்மீட்டர் முள் எழுவதைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

பிற்பகல் வந்ததும் படம் மாறியது. காற்று 6 மீட்டரைத் தொட்டபோதும் மின்னோட்டம் 3 ஆம்பியரைச் சுற்றியே நின்றது. கணக்கின்படி அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வர வேண்டும். சத்தத்திலும் வேறுபாடு தெரிந்தது. நன்றாக ஓடும் இறகு மெல்லிய ‘விஸ்’ என்ற ஒலியுடன் சுழலும். இதுவோ கனத்த உறுமலுடன், காற்றை வெட்டாமல் காற்றைத் தள்ளிக்கொண்டு சுழன்றது.

சுழற்சியை எண்ணிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நிமிடத்துக்கு 240 சுற்று. இறகு நுனியின் வேகம் நொடிக்கு 22 மீட்டரைத்தான் ஒட்டியது. அதாவது காற்றைப் போல் 3.7 மடங்கு. இறகைச் செதுக்கியதோ ஆறு மடங்குக்கு. பேட்டரி ஒரு பெரிய மின்தொட்டி. எவ்வளவு மின்சாரம் வந்தாலும் தன் மின்னழுத்தத்தை 13 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மின்னழுத்தம் கட்டுண்டால் சுற்றும் கட்டுண்டுவிடும், ஏனென்றால் இந்த மின்னாக்கியில் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. காற்று கூடுகிறது, சுற்றுக் கூட மறுக்கிறது, காற்று இறகில் படும் கோணம் செங்குத்தாகிக்கொண்டே போகிறது, கடைசியில் இறகு திணறிவிடுகிறது. விமானத் துறையில் ஸ்டால் என்று சொல்லும் அதே திணறல்தான்.

தீர்வு, வலுவான மின்னாக்கியைக் கொஞ்சம் வலுவிழக்கச் செய்வது. கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் இந்த ஆய்வில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். திருகாணிகளைத் திருகித் தட்டை உயர்த்தி, நடுவே வாஷர்களைக் கூட்டி, இடைவெளியைப் படிப்படியாக 20 மில்லிமீட்டர் வரை கொண்டுபோனோம். ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடச் சராசரியாகக் காற்றையும் மின்னோட்டத்தையும் சேர்த்துப் பதிந்தோம். சிறு காற்றாலைச் சோதனைக்கான பன்னாட்டுத் தர விதிகளும் ஒரு நிமிடச் சராசரியையே கேட்கின்றன. பத்து நிமிடச் சராசரி பெரிய இயந்திரங்களுக்குரியது.

இருபது மில்லிமீட்டரில் சார்ஜ் தொடங்கும் சுற்று 255 ஆக உயர்ந்தது. தேவைப்படும் காற்றும் நொடிக்கு 3.5 மீட்டருக்கு ஏறியது. அதாவது காலைநேர மென்காற்றில் அம்மீட்டர் முள் இனி அசையாது. வீட்டில் இதைப் பின்னடைவாகத்தான் பார்த்தார்கள். ஆனால் மென்காற்றில் முன்பு கிடைத்தது அரை ஆம்பியர்கூட இல்லை. பிற்பகலில் கிடைத்ததோ இது: 4 மீட்டரில் 1.3 ஆம்பியர், முன்பைவிடச் சற்றே குறைவு; 5 மீட்டரில் 2.4 ஆக இருந்தது 3.3 ஆனது, 6 மீட்டரில் 3.1 ஆக இருந்தது 5.6 ஆனது, 7 மீட்டரில் 9 ஆம்பியர். உறுமலும் நின்றுவிட்டது. செலவு, சில வாஷர்கள்.

காந்தத்தைப் பிசினுக்குள் இறுக்கிப் புதைத்து இடைவெளியை மாற்ற முடியாதபடி கட்டிவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இறகும் மின்னாக்கியும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைக் காகிதத்தில் தோராயமாகத்தான் கணிக்க முடியும். மாற்றிப் பார்க்க வழி வைத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

கம்பம்

முதலில் கம்பம் மாடித் தளத்திலிருந்து 2.5 மீட்டர் உயரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். கைக்கு எட்டும், பார்த்துச் சரிசெய்ய வசதி என்பதற்காக அங்கே வைத்தோம். சோதனைக் கட்டத்துக்கு அது சரி; நிரந்தரமாக வைப்பதற்கு ஏற்ற இடமே அல்ல. நீண்ட மூங்கிலில் ஒரு முழ இடைவெளிக்கு ஒன்றாகத் துணி நாடா கட்டி நிறுத்தினால் இது கண்ணுக்கே தெரியும். கைப்பிடிச் சுவர் உயரத்தில் நாடாக்கள் நாலாபுறமும் சுழன்று அலைகின்றன, சில நேரம் காற்று வரும் திசைக்கே திரும்புகின்றன. மூன்று மீட்டருக்கு மேலே போனபின் மெல்ல ஒழுங்குக்கு வருகின்றன. ஐந்தாவது மீட்டரில்தான் எல்லா நாடாக்களும் மேற்கு நோக்கி நேராக நீண்டு நிற்கின்றன. கடல் காற்று கட்டடத்தின் கிழக்குச் சுவரில் மோதி மேலே எழும்பி, கூரை விளிம்பில் சுழித்துக்கொண்டு போவதன் அடையாளம் அது. அந்தச் சுழிப்புக்குள் காற்றாலையை வைத்தால், அது காற்றைத் தேடித் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்குமே தவிர ஓடாது.

கம்பத்தை 6 மீட்டராக்கிக் கடல் பக்கம் நகர்த்தினோம். கட்டடத்தின் தூண்கள் மேலே வரும் இடங்களில் கொக்கி பதித்து, நான்கு பக்கமும் இழுகம்பி கட்டி, கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளால் முறுக்கினோம். கைப்பிடிச் சுவரில் எதையும் கட்டக் கூடாது. அது இழுவிசை தாங்கக் கட்டப்பட்டதல்ல. அடியில் கீல் வைத்துச் சாய்த்து இறக்கும் வகையில் அமைத்தோம். கம்பத்தின் அடிக்கும் தளத்துக்கும் இடையே தடித்த ரப்பர். இல்லாவிட்டால் கீழ்வீட்டில் படுத்திருப்பவருக்கு இரவெல்லாம் ரீங்காரம் கேட்கும்.

பிற்பகல் சராசரி 3.6 மீட்டரிலிருந்து 4.7 ஆனது. எண்ணளவில் சிறிய மாற்றம். மும்மடிக் கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல். மூன்றரை மீட்டர் ஜிஐ குழாயும் நான்கு இழுகம்பிகளும் தந்ததை இன்னொரு சோடிக் காந்தத் தட்டு தந்திருக்காது. செலவு செய்ய கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் அதைக் கம்பத்தில் போடுங்கள்.

பேட்டரியும் உபரி மின்சாரமும்

சூரியத் தகட்டுக்கான கண்ட்ரோலர் பேட்டரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும். தகட்டுக்கு அதனால் கேடில்லை. காற்றாலையில் அப்படிச் செய்தால் சுமை நீங்கிய இறகு கட்டுக்கடங்காமல் சுழலும், மின்னழுத்தமும் எகிறும். எனவே காற்றாலை எப்போதும் பேட்டரியோடு இணைந்தே இருக்க வேண்டும். மிகுதியை மட்டும் வேறொன்றில் எரிக்க வேண்டும். நாங்கள் வைத்திருப்பது புதுப்பேட்டையில் வாங்கிய 55 வாட் கார் முகப்பு விளக்குகள் நான்கு. மின்னழுத்தம் எல்லையைத் தொட்டதும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் அவற்றை இயக்கும். பேட்டரி நிறைந்துவிட்டது என்பது மாடியில் விளக்கு எரிவதைப் பார்த்தே தெரிந்துவிடும்.

அந்த எல்லையையும் நம் வெயிலுக்கு ஏற்ப வைக்க வேண்டும். 25 டிகிரிக்கு 14.4 வோல்ட் என்றால், 35 டிகிரி அறையில் 14.1 அல்லது 14.2 போதும். 14.4ஐயே பிடித்துக்கொண்டிருந்தால் பேட்டரி கொதித்து, மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருக்க நேரும். கொதிக்கும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால் அறைக்குக் காற்றோட்டமும் தேவை. கம்பத்திலிருந்து பேட்டரிக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்திருக்கிறோம். 15 ஆம்பியரில் அதிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போகிறது. 12 வோல்ட் அமைப்பின் பெரிய குறை இதுதான்.

பலத்த காற்றும் உப்பும்

இறகுச் சக்கரம் கம்பத்தின் அச்சிலிருந்து பத்து சென்டிமீட்டர் விலகி அமைந்திருக்கிறது. சக்கரத்தின் முகத்தைக் காற்றின் பக்கம் திருப்பும் வாலின் கீல் சாய்வாக இருக்கிறது. காற்று நொடிக்குப் பத்து மீட்டரை நெருங்கும்போது, சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளும் விசை வாலின் எடையை வென்று, வால் மடங்கி, முகம் காற்றிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறது. காற்று தணிந்ததும் வால் தன் எடையாலேயே இறங்கி முகத்தை மீட்டுக்கொள்கிறது. ஸ்பிரிங்கோ மின்னணுவோ இல்லாத இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது. மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து ஷார்ட் செய்து இறகைத் தடுக்கும் பிரேக் சுவிட்சும் உண்டு. அதைக் காற்று ஓய்ந்திருக்கும்போதே போட வேண்டும். பலத்த காற்றில் போட்டால் நிற்காமல் சுழன்று சுருள் கருகிவிடும்.

புயலுக்கு இவை எதுவும் போதாது. 2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. நொடிக்கு 30 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், பத்து மீட்டர் காற்றின் 27 மடங்கு ஆற்றல். வானிலை ஆய்வு மையம் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று அறிவித்த அன்றே கம்பத்தைச் சாய்த்து, இறகுகளைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுகிறோம். இரண்டு பேர் சேர்ந்தால் முடிகிற வேலை. புயல் கரையைக் கடந்து காற்று பத்து மீட்டருக்குக் கீழ் வந்ததும் மறுபடி ஏற்றுகிறோம். மின்சாரம் வராத, வெயிலும் வராத அந்த நாள்களுக்காகத்தான் இதைக் கட்டினோம். வடகிழக்குப் பருவத்தில் வாடை வீசும் மேகமூட்ட நாள்களில் தகட்டைவிட இது அதிகம் தந்த நாள்கள் உண்டு.

அன்றாடப் பகை உப்பு. நியோடிமியம் காந்தத்தின் நிக்கல் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உள்ளே துருப்பிடித்து, வீங்கி, ஸ்டேட்டரில் உரசும். காந்தங்களைச் சுற்றி ரெசின் ஊற்றி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறோம். சாதாரண போல்ட்டுகள் ஒரே பருவத்தில் செம்பழுப்பாகிவிட்டன. இப்போது எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, பேரிங்கில் கிரீஸ் வைத்து, இறகுக்கு எண்ணெய் பூசுகிறோம்.

கம்பத்துக்குள் தொங்கும் கம்பி முறுக்கிக்கொள்ளாதா என்று மாமா கவலைப்பட்டார். சென்னைக் காற்று இதில் நமக்கு இணக்கமாக இருக்கிறது: கிழக்கிலிருந்து தெற்கு வழியாக மேற்குக்குப் போய், பெரும்பாலும் அதே வழியில் திரும்பி வருகிறது. எப்போதாவது முறுக்கு ஏறினால் அடியில் பிளக்கைக் கழற்றிச் சுற்றிவிட்டால் போதும்.

கணக்கு

காசுக்குக் கிடைக்கும் மின்சாரத்தை மட்டும் பார்த்தால் சூரியத் தகடே வெல்லும். 100 வாட் தகடு சென்னையில் தெளிந்த நாளில் 400 வாட்-மணி தரும். எங்கள் காற்றாலை நல்ல கடல் காற்று நாளில் தருவது 250. தகட்டில் அசையும் உறுப்பும் இல்லை, புயலுக்கு இறக்க வேண்டியதும் இல்லை. கடலிலிருந்து விலகி வேளச்சேரியிலோ அண்ணா நகரிலோ, உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இருப்பவர்களுக்குக் காற்றாலை வேண்டாம் என்றே சொல்வேன். கிழக்கே மறைப்பு இல்லாமல், கடற்கரையோரமாக, தகடு ஏற்கெனவே இருந்து, மழைக்காலத்துக்குத் துணை தேடுபவர்களுக்கு இது பொருந்தும். எங்கள் வீட்டில் தகடும் காற்றாலையும் இப்போது ஒரே பேட்டரியைத்தான் நிரப்புகின்றன: பகலில் தகடு, பிற்பகல் முதல் இருட்டும்வரை காற்று.

அடுத்து 24 வோல்ட்டுக்கு மாறுகிறோம். சுருளுக்கு 110 சுற்று, ஒற்றை இழை, அதே இரண்டரைக் கிலோ செம்பு. மின்னோட்டம் பாதியாகும், கம்பியில் போகும் இழப்பு நான்கில் ஒரு பங்காகும். அச்சு மாமாவின் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது. இடைவெளியை இந்த முறையும் 14 மில்லிமீட்டரிலிருந்தே தொடங்கி, கடல் காற்று வரும் நேரத்தில் திருகாணியைத் திருகிப் பார்ப்போம்.